மனச்சிதைவு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து 22 வருடம் ஆகிறது. குடியாத்தத்தில் எங்கள் அம்மா பீடி சுற்றிக்கொண்டே 16 வருடம் அவனைப் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு காட்பாடியில் என் வீட்டோடு வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சிலும், மருந்து வாங்கும் வரிசையிலும், பாகாயம் போகும் டவுன் பஸ்ஸிலும், மாதம் ஒருமுறை நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடி உட்காரும்போதும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டு வருகிறேன். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இங்கே அதிகம் பேசப்போவது நோயாளியைப் பற்றி அல்ல, கூடவே இருக்கிற உங்களைப் பற்றி.

மனச்சிதைவுன்னா இன்னாங்க? பைத்தியம்னு சொல்றாங்களே, அதுவா?

மூளையின் வேலை தடுமாறுவதால் வருகிற நோய். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சதி செய்கிறார், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். என்ன சொன்னாலும் அசையாது. சிலருக்குப் பேச்சு கோர்வையில்லாமல் போகும். சிலர் பேச்சையே குறைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளியும் வரும். நூறு பேரை எடுத்தால் ஒருவருக்கோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ வாழ்நாளில் வரக்கூடியது. அப்படியென்றால் உங்கள் தெருவில் நீங்கள் மட்டும் இல்லை.

பைத்தியம் என்பது திட்டுகிற சொல். வீட்டுக்குள் அதை நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தினால்தான் வெளியில் சொல்கிறவர்களைத் தடுக்க முடியும்.

நாங்க வளர்த்ததுல தான் ஏதோ தப்பு ஆயிடுச்சா? அதிகமா கண்டிச்சதால வந்துதா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை நான் பார்த்ததே இல்லை. ஒரு காலத்தில் மேல்நாட்டு மனநல மருத்துவர்களே தாயின் மேல் பழி போட்டார்கள். 1940களின் கடைசியில் அதற்கென்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் அது நிற்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மூளையில் இயங்கும் ரசாயனங்களுக்கு உண்டு, இளவயதில் கஞ்சா பிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும். பரிட்சையில் பெயிலானதற்குக் கண்டித்ததால் இந்த நோய் வராது.

பரம்பரை என்றதும் அடுத்த பயம் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுதான். பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வந்தே தீரும் என்பது கிடையாது.

சோளிங்கருக்குக் கூட்டிகினு போனா சரியாவும்னு சொல்றாங்க. கோயிலா, மாத்திரையா?

எங்கள் அம்மா முதல் வருடம் தம்பியைச் சோளிங்கருக்குத்தான் கூட்டிப்போனார். தக்கான் குளத்தில் குளிக்க வைத்து, சின்ன மலை ஏறி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வருவார்கள். தம்பியின் நோய் அதில் குறையவில்லை. ஆனால் அம்மாவுக்கு அங்கே ஒன்று கிடைத்தது. அந்தக் குளக்கரையில் அவரைப் போலவே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நான் மட்டும் இல்லடி" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னார். அந்த ஆறுதலை நான் குறைவாகப் பேச மாட்டேன்.

அதனால் போங்கள், தடையில்லை. மாத்திரைப் பட்டையும் பையில் இருக்கட்டும். விரதம் என்று ஒருவேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். கட்டிப்போடுகிற, அடிக்கிற, புகை போடுகிற இடத்துக்கு மட்டும் எந்தப் பெரியவர் சொன்னாலும் போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் நம்மைப் போல வேறு வழி தெரியாமல் களைத்துப்போன குடும்பங்கள்தான். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

வேலூர் பக்கம் எங்க காட்டறது?

பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் 1957இலிருந்து இருக்கிறது. அங்கே உள்நோயாளியாகச் சேர்த்தால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கவேண்டும். முதலில் இது சுமையாகத் தெரியும். ஆனால் நோயைப் பற்றி நான் கற்றதில் பாதி, மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து தங்கியிருந்தபோது கற்றதுதான். குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவரும் இந்த வழக்கத்தை 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் தொடங்கினார். ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினரைத் தங்க வைத்தார்.

கையில் பணம் இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மனநலப் பிரிவு இருக்கிறது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் தங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு கிடையாது.

டாக்டர் அவனைப் பத்தி மட்டும் தான் கேக்கறாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லைன்னு அங்க சொல்லலாமா?

சொல்ல வேண்டும். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அம்மா ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தார். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. எத்தனை வருடமாக இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், தம்பியின் ஃபைலில் பதினாறு வருடத்துச் சீட்டும் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. அம்மா பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை. கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்வேன்: உங்களுக்கும் ஒரு ஃபைல் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது பி.பி., சர்க்கரை பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தாலோ, பசி இல்லாவிட்டாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, எதிலும் மனம் ஒட்டாவிட்டாலோ அது வெறும் களைப்பு அல்ல. உங்களுக்கே சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் "எனக்காக அஞ்சு நிமிஷம் வேணும்" என்று நேராகக் கேளுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கென்றே தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், குடும்பத்தார் மேல் ஏறும் சுமையை அளப்பதற்கென்றே ஒரு கேள்விப்பட்டியலை உருவாக்கியிருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். நோயாளிக்காக மட்டுமல்ல, பார்த்துக்கொள்கிறவரும் பேசலாம்.

நாள் பூரா படுத்துகினே கீறான். குளிக்கறது இல்ல, வேலைக்குப் போறது இல்ல. இது நோயா, சோம்பேறித்தனமா?

நோய். குரல் கேட்பதும் சந்தேகமும் கண்ணுக்குத் தெரியும் பாதி. ஆசை அற்றுப்போவது, முகத்தில் சிரிப்பு இல்லாமல் போவது, எழுந்து ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் போவது இன்னொரு பாதி. மாத்திரை முதல் பாதியை நன்றாகக் குறைக்கும், இரண்டாவதை அந்த அளவுக்குக் குறைக்காது. மாத்திரையே கொஞ்சம் மந்தமாக்குவதும் உண்டு; அதை டாக்டரிடம் சொன்னால் மாற்றிப் பார்ப்பார்.

இந்த இரண்டாவது பாதிதான் நம்மைத் தேய்க்கிறது. கத்துகிறவன் மேல் பரிதாபம் வரும், படுத்திருக்கிறவன் மேல் எரிச்சல்தான் வரும். "தண்டச்சோறு" என்று வாயில் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950களிலேயே ஒன்றைக் கவனித்தார்: ஆஸ்பத்திரியிலிருந்து நலமாகி வீடு திரும்பியவர்களில், எந்த வகை வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து நோய் திரும்புவது மாறியது. பிறகு அவரும் மற்றவர்களும் தோண்டிப் பார்த்ததில், ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது ஆகியவை இருக்கும் வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் குறை சொல்வது லண்டனைவிடக் குறைவாக இருந்தது.

மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். பொத்திப் பொத்திப் பார்ப்பது. நம் ஊரில் அன்பு என்று சொல்வதில் நிறைய அதுதான். அம்மா தம்பிக்கு முப்பது வயதிலும் சோறு பிசைந்து கொடுத்தார். பாகாயத்தில் ஒரு நர்ஸம்மா, "அவர் தட்டை அவரே கழுவட்டும்மா, அது ஒண்ணு போதும் இப்போதைக்கு" என்றார். தட்டு கழுவ வைக்க மூன்று மாதம் ஆனது. இன்று கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, சின்னதாக, தினமும் அதே நேரத்தில். செய்தால் "சரி, நல்லாயிருக்கு" என்று சொல்லுங்கள். செய்யாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

யாரோ பேசறாங்கன்னு சொல்றான். ஆமான்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?

இரண்டும் வேண்டாம். இல்லை என்று வாதாடினால் நீங்களும் எதிரிப் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைப்பார். ஆமாம் என்றால் எண்ணம் இறுகும். "எனக்குக் கேக்கலப்பா. ஆனா உனக்குக் கேக்குது, பயமாத்தான் இருக்கும்" என்று அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அப்புறம் பேச்சை மாற்றி, கையில் ஒரு வேலை கொடுங்கள். குரல் "செத்துப் போ" என்றோ "அவளை வெட்டு" என்றோ சொல்வதாகச் சொன்னால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை போட மாட்டேங்கறாரு. சாம்பார்ல கலந்து குடுக்கறேன். தப்பா?

கூட்டத்தில் யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி இது. முடிந்த பிறகு வெளியே செருப்பு போடும்போது காதோடு கேட்பார்கள். செய்கிறவர்கள் நிறையப் பேர். தனக்கு நோயே இல்லை என்று நம்புவது இந்த நோயின் ஒரு குணம், அதனால்தான் வம்பு. நாங்களும் செய்திருக்கிறோம். யாரையும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடியைத் தம்பி பார்த்துவிட்டான். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று நோய் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நிஜமாக்கிவிட்டோம். அதற்கப்புறம் எட்டு மாதம் அம்மா கையால் எதையும் சாப்பிடவில்லை, கடை இட்லிதான். அம்மா அந்த எட்டு மாதத்தில் இளைத்தது தம்பியைவிட அதிகம்.

இப்போது கலந்து கொடுக்கிறீர்கள் என்றால் முதலில் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் போனால் மருந்து வேலை செய்கிறதா, சர்க்கரை ஏறுகிறதா, கை நடுங்குகிறதா என்று அவரால் கணக்குப் போட முடியாது. வேறு வழிகளும் இருக்கின்றன. வாயில் வைத்ததும் கரையும் மாத்திரை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. நோயாளி சம்மதித்தால் தினசரிச் சண்டை ஓயும். சம்மதிக்க வைக்க, "உனக்கு நோய்" என்று ஆரம்பிக்காமல், "ராத்திரி நல்லா தூங்கலாம்" என்று அவருக்கே வேண்டியதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் வழி திறந்தது.

கை நீட்டறான். போலீசைக் கூப்பிட்டா பாவம் இல்லையா?

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. பயந்து ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். மாத்திரை நின்றபோதும், குடியோ கஞ்சாவோ சேரும்போதும் ஆபத்து கூடும். கோபம் ஏறுவது தெரிந்தால் எதிரே நின்று பேசாதீர்கள், கதவுப் பக்கம் நில்லுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அரிவாள்மனையும் கத்தியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். அடி விழுகிற வரை பொறுத்துக்கொள்வது தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மேல் அடி விழுந்தால், தெளிந்த பிறகு அந்தக் குற்ற உணர்வில் வேகப்போவதும் அவர்தான்.

112க்கோ 108க்கோ கூப்பிடலாம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் "இது மனநோய், இதோ சிகிச்சைச் சீட்டு" என்று காட்ட, சீட்டின் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

நான் தான் அடிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

இதைச் சொன்னவர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு அண்ணன். பகல் முழுக்க மிஷின் முன்னால் நின்று, இரவு தம்பி கதவைத் திறந்துகொண்டு ஓடாமல் காவல் இருந்து, நாலு நாள் தூங்காமல் ஐந்தாம் நாள் கை ஓங்கியிருக்கிறார். தம்பியிடம் போய் "தப்பு பண்ணிட்டேன்டா" என்று அவர் சொன்னதாகச் சொன்னார். அதுதான் செய்ய வேண்டியது. நோயாளிக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், புரியும்.

அதற்கப்புறம் கேட்க வேண்டியது, அந்த நாலு ராத்திரியில் ஒன்றையாவது வேறு யார் எடுத்திருக்கலாம் என்பதுதான். கோபம் வருகிற நேரத்தைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் தூக்கம் கெட்ட மறுநாளாகவோ மாசக்கடைசியாகவோ இருக்கும். திரும்பவும் கை ஓங்கும் நிலை வந்தால் வெளியே போய்த் தெரு முனை வரை நடந்துவிட்டு வாருங்கள். மறுமுறையும் அடித்துவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் நோயாளியைச் சில நாள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இருவருக்குமே நல்லது.

ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

ஆகாது. கல்யாணம் மருந்தல்ல. மறைத்துச் செய்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்து இந்தச் சுமைக்கு அடியில் தள்ளுகிறோம். நன்றாகத் தேறி, எதிர்ப்பக்கத்துக்கு முழுதும் தெரிந்து, டாக்டரையும் கலந்து நடந்த கல்யாணங்கள் உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. அது வேறு.

தெரியாம கட்டிகினு வந்துட்டேன். இப்ப இவரை விட்டுட்டுப் போனா நான் கெட்டவளா?

இல்லை. இருப்பதா போவதா என்று நான் சொல்ல முடியாது. இருக்கிறீர்கள் என்றால், மாமியார் வீடும் பங்கு எடுக்க வேண்டும். மருமகள் வந்தாள், இனி அவள் பாடு என்று நழுவுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாத்திரைச் செலவு யாருடையது, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப்போவது என்பதை நாலு பேர் முன்னால் பேசி முடிவு பண்ணுங்கள். உங்கள் வேலையை எக்காரணத்துக்கும் விடாதீர்கள்.

அக்கம் பக்கத்துல சொல்லலாமா? பொண்ணுக்கு வரன் பாக்கணும்.

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்: அவசரத்தில் ஓடிவரக்கூடிய ஒரு பக்கத்து வீடு, பணம் கேட்கக்கூடிய ஓர் உறவு, வாய்விட்டு அழக்கூடிய ஒரு சிநேகிதி. ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருக்கும் வீட்டில், விசேஷத்துக்குப் போகாமல், யாரையும் வரவிடாமல், பார்த்துக்கொள்கிறவரும் அந்த அறைக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடுகிறார். வரன் விஷயத்தில், நிச்சயத்துக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது, பின்னால் வேறு யாரோ போய்ச் சொல்வதைவிட மேல். வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு மேலே பரம்பரை பற்றிச் சொன்னதைக் காட்டலாம்.

ரெண்டு நாள் திருப்பதிக்குப் போகணும்னு ஆசை. விட்டுட்டு எப்படிப் போறது?

ஆறு வருடமாகப் பொண்ணு வீட்டுக்குக்கூடப் போகாத ஒரு பேரணாம்பட்டு அம்மா கேட்டது. வேலூரிலிருந்து திருப்பதி பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான், அந்த மூன்று மணி நேரம் அவருக்கு எட்டாத தூரமாக இருந்தது.

முதலில் இரண்டு நாள் வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். கூட இருக்கப்போகிறவரை முன்கூட்டியே நாலைந்து தடவை வரவழைத்து, நோயாளியோடு கேரம் ஆடவோ டீ குடிக்கவோ விடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை, என்ன சொன்னால் கோபம் வரும், என்ன கேட்டால் அமைதியாவார், டாக்டர் நம்பர். நோயாளியிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்; சொல்லாமல் நழுவினால் அடுத்த முறை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை. சின்னம்மா பையன் வந்து தம்பியோடு இருப்பான். நான் கோட்டைக்குப் போய் அகழி ஓரம் உட்கார்ந்துவிட்டு, ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வருவேன்.

பேரணாம்பட்டு அம்மா போய்விட்டு வந்தார். அவர் பையன் ஒருநாள் குளிக்கவில்லை, வேறெதுவும் ஆகவில்லை.

இதுக்கு அரசாங்கத்துல ஏதாவது கிடைக்குமா?

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் அளந்து 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். எந்த உதவித்தொகைக்குத் தகுதி என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அலைக்கழித்தால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். என்னை ஓர் அலுவலகத்தில், "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன், கிடைத்தது.

வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரிமுறையில், தங்களை நம்பியிருக்கும் ஊனமுள்ள உறவினருக்காக வருமானத்தில் 75,000 ரூபாய், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது 2017 சட்டத்தில் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க உண்டா என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே விசாரித்துப் பெயரைப் பதிந்து வையுங்கள்.

சொல்லவே வாய் கூசுது. இவன் போய்ச் சேர்ந்துட்டா நல்லாயிருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்.

இதைச் சொன்னவர்கள் யாரும் பிள்ளையைக் கைவிட்டவர்கள் இல்லை. சொல்லிவிட்டு எழுந்து போய் அதே பிள்ளைக்கு நகம் வெட்டிவிட்டவர்கள். உயிரோடு இருக்கிறவனுக்காகத் துக்கப்படுவதற்கு நம் ஊரில் சடங்கு இல்லை. படித்துக்கொண்டிருந்த, பாடிக்கொண்டிருந்த பழைய பிள்ளையை இழந்துவிட்டோம், ஆனால் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். அந்தத் துக்கம் எங்கேயும் இறங்காமல் இப்படி ஒரு நினைப்பாக வெளியே வரும். அதை மனம்விட்டு ஒருவரிடமாவது சொல்லுங்கள், கனம் குறையும்.

"நானும் அவனும் சேர்ந்து போயிடலாம்" என்று தோன்றினால் அது வேறு. அது வந்த அன்றே சொல்லிவிட வேண்டும், மறுநாள் வரை வைக்கக் கூடாது. வீட்டில் மாத்திரை மொத்தமாக இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். 14416க்கு ராத்திரி எந்த நேரத்திலும் பேசலாம். யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த முறை உங்கள் பெயரில் சீட்டுப் போடுங்கள்.

எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பாங்க?

எல்லாக் கேள்விக்கும் கடைசியில் இந்தக் கேள்விதான் வரும். தம்பி தங்கைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள், வாய் திறந்து கேளுங்கள். முழுப் பொறுப்பையும் ஒருவர் தலையில் வைக்கக் கேட்டால் பயந்து விலகுவார்கள். பணம் ஒருவர், ஆஸ்பத்திரி ஒருவர், வாரம் ஒருமுறை வந்து பார்ப்பது ஒருவர் என்று பிரித்துக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். 2017 சட்டப்படி நோயாளி தெளிவாக இருக்கும்போது, தனக்காகப் பேசத் தான் நம்பும் ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமித்துக்கொள்ளலாம். வீடோ நிலமோ இருந்தால் உயில் எழுதுங்கள், வக்கீலிடம் கேட்டே எழுதுங்கள். நீங்கள் இருக்கும்போதே அவர் தனியாகச் செய்துகொள்ளும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு தட்டு கழுவுவதில் தொடங்கியதை மேலே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். அம்மாவுக்கு எழுத வராது. கடைசி வருடத்தில் எதிர்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்திருந்தார். நீளமான கணக்கு நோட்டு. எந்த மாத்திரைக்கு உடம்பு நடுங்கியது, எந்த ஊசிக்குப் பிறகு தூக்கம் நன்றாக வந்தது, மார்கழியில் ஒருமுறை அதிகமாகும், வெள்ளைச் சட்டைக்காரர் வந்தால் பயப்படுவான், ரேடியோ பாடினால் சாப்பிடுவான், முருங்கைக்கீரை பிடிக்கும். எல்லாம் தம்பியைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதியிருந்தது: "ஞாயித்துக்கெழம நீ அவங்கூட இருக்காத. சின்னம்மா பையன வரச் சொல்லு. நீ எங்கனா போயிட்டு வா."